அறுபத்தொரு பழைய போன்கள்

அண்ணா, அந்த ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் தள்ளுகிறீர்களா? இல்லையில்லை, வாந்தியெல்லாம் எடுக்க மாட்டேன், பயப்படாதீர்கள். பஸ்ஸைக் கழுவியிருக்கிறார்கள் போலிருக்கிறது. பினாயில் வாசனை. முன்பெல்லாம் எனக்கு அது ஒன்றும் செய்யாது. போன ஆடி மாதத்திலிருந்துதான் இப்படி. போதும் அண்ணா, இவ்வளவு திறந்தால் போதும்.

நான் தாராபுரம் வரைக்கும் வரவில்லை. குண்டடம் தாண்டி ஒரு மில் இருக்கிறதாம், அதன் வாசலிலேயே நிறுத்துவார்களாம். மடியில் இருப்பது லேப்டாப். மேலே வைக்கப் பயம், கம்பெனியுடையது. நான் மொபைல் செயலி எழுதுகிறவன். ஆப் என்று சொல்வார்களே, அதுதான். ஊர் அரூர்ப் பக்கம். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். முதல் பட்டதாரி என்று தாசில்தார் சான்றிதழ்கூட இருக்கிறது. அப்பா மண்டியில் மூட்டை தூக்குகிறார்.

உங்களுக்குப் பொழுது போக வேண்டும், எனக்கு யாரிடமாவது சொல்ல வேண்டும். சொல்லட்டுமா? ஒருவன் பார்த்துப் பார்த்துச் செய்த நல்ல வேலையை எப்படிக் குப்பையில் போட வைப்பார்கள் என்று சொல்கிறேன்.

கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். அங்கே கூட்டுவது, துடைப்பது, கக்கூஸ் கழுவுவது எல்லாம் ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியின் கையில். அதன் மேனேஜர் லோகநாதன். இருநூற்றுப் பன்னிரண்டு தொழிலாளிகள். நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்களை, ஜூலை முதல் தேதியிலிருந்து போனில்தான் வருகைப் பதிவு என்று மாற்றினார்கள். காலை ஆறு பதினைந்துக்குள் அவரவர் போனில் முகத்தைக் காட்ட வேண்டும். முகம் பதிந்தால் வந்தார். பதியாவிட்டால் வரவில்லை. தொடர்ந்து மூன்று நாள் 'வரவில்லை' என்று விழுந்தால் பட்டியலிலிருந்து பெயர் தானாகவே நீங்கிவிடும். வேலை போய்விடும். இந்த ஒரு விதியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் செயலியை எங்கள் கம்பெனிதான் செய்தது. கம்பெனி என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். டயர் கடைக்கு மேல் மாடி, பதினான்கு பேர். எங்கள் டீம் லீட் பிரசன்னா. முதல் வடிவத்தை எழுதியவர் அவர்தான். புதுப் போன் எது வந்தாலும் அந்த மாதமே வாங்கிவிடுகிற ஆள். அவர் போனில் செயலி பறந்தது. ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டால் பல பேர் போனில் திறக்கும்போதே பொத்தென்று விழுந்தது.

"முனி, நீ போய் ஒரு வாரம் ஒக்காந்து என்னன்னு பாரு" என்றார்.

என் பெயர் முனிரத்தினம். ஆபீசில் முனி. நான் உள்ளே நுழைந்தால் "வேப்பிலை எடுங்கடா" என்று ஒருவன் சொல்வான். நானும் சிரித்துவிடுவேன். பயிற்சிக் காலம் முடிந்து வேலையை நிரந்தரம் செய்ய இன்னும் ஏழு வாரம் இருந்தது. சிரிக்காமல் என்ன செய்வது?

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் ஒரு அறை. ஈர மாப்புகளை அங்கேதான் காயப்போடுவார்கள், அவை காயாது. ஐந்தே முக்காலுக்கு நான் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்தால், வரிசையில் நின்று போனை நீட்டுவார்கள். உள்ளதைச் சொல்கிறேன் அண்ணா, எனக்கு அருவருப்பாக இருந்தது. மனிதர்கள் மேல் இல்லை, அப்படி நினைத்துவிடாதீர்கள். போன்கள் மேல். ரப்பர் பேண்டு சுற்றியது, பிளாஸ்திரி ஒட்டியது, ஓரத்தில் வெற்றிலைச் சுண்ணாம்பு காய்ந்தது. ஒரு போனில் சார்ஜ் போடும் ஓட்டைக்குள் சோற்றுப் பருக்கை. ஒவ்வொன்றையும் தொட்டுவிட்டு சானிடைசர் தேய்த்தேன். மூன்றாவது நாள் உள்ளங்கை உரிந்துவிட்டது.

அந்தப் போன்கள் எப்படி வந்தவை தெரியுமா? பிள்ளைகள் கழித்துப் போட்டவை. மகன் புதிது வாங்கினால் பழையது மனைவிக்குப் போகும். அவளுக்கு வேறு வந்தால் அது மாமியாருக்குப் போகும். அப்படி இறங்கி இறங்கி வந்து சேரும் கடைசிக் கை இவர்களுடையது. வயது கூடக் கூட போனின் ஆண்ட்ராய்டு எண் குறைந்துகொண்டே போகிறது. இதை நானே கவனித்துக் கண்டுபிடித்தேன். அதுவரை ஒருவருக்கும் தோன்றவில்லை.

மாரக்காள் என்று ஒரு அம்மா. ஐம்பத்தாறு வயது, மூன்றாம் மாடி, எலும்பு முறிவு வார்டு. எல்லோரும் மாரக்கா என்பார்கள், நானும் அக்கா என்றே கூப்பிட்டேன். போனை என் முன்னால் வைத்துவிட்டு, ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு எழுதுகிறவரிடம் வியாதி சொல்வதுபோலச் சொன்னார்:

"கண்ணு, இந்தப் போனு வந்தப்பத்தான் எம் பையனுக்குப் பொண்ணு பாத்துட்டு இருந்தோம். இப்பப் பேத்தி மூணாவது படிக்கறா. இதுக்கு வயசு என்னன்னு நீயே பாத்துக்க."

பார்த்தேன். ஆண்ட்ராய்டு ஆறு. செயலியைத் தொட்டதும் விழுந்தது.

"அக்கா, இதுல ஓடலைங்க."

"ஓட வெக்கத்தான உன்னைய அனுப்பியிருக்கறாங்க? உழுகறதப் பாக்கறதுக்கா வந்த?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அப்புறம் அவரே குரலைத் தணித்துக் கேட்டார்.

"நெசமாலுமே மூணு நாள்ல பேரை எடுத்துருவாங்களா கண்ணு?"

"விதி அப்படித்தான் அக்கா."

"எங்கூட்டுக்காரரு போயி ஒம்பது வருசமாச்சு. பையன் லோடு ஆட்டோ ஓட்டறான், நல்லவன்தான். ஆனா நான் தனியா ஒரு ரூம் எடுத்து, தனியா அடுப்பு வெச்சுக் குடிச்சுட்டு இருக்கறேன். மருமக கையப் பாக்காம இருக்கறதே இந்த வேலையிலதான். இது போச்சுதுன்னா அவ ஊட்டு மூலையில போயி ஒக்காரோணும்."

"உங்க போன்ல ஓடும் அக்கா. நான் ஓட வைக்கறேன்" என்றேன்.

வாக்குக் கொடுத்தேன். சும்மா ஆறுதலுக்குச் சொல்லவில்லை. எனக்கு வழி தெரியும்.

இந்தப் பழைய போன் விவகாரம் என்னவென்றால், செயலி எழுதும்போது நாம் போனிடம் சில வசதிகளைக் கேட்போம். இப்போது மணி என்ன, இன்றைக்கு என்ன தேதி என்பதைக் கணக்குப் போடவே ஒரு புது முறை இருக்கிறது. ஆண்ட்ராய்டு எட்டுக்கு முந்தைய போனுக்கு அந்த முறையே தெரியாது. தெரியாததைக் கேட்டால் செயலி விழுந்துவிடும். அதற்காக லைப்ரரி என்று சில உண்டு. போனுக்குத் தெரியாத வசதியைச் செயலியே தன்னோடு மூட்டை கட்டிக்கொண்டு போகும். போகிற வீட்டில் தலையணை இருக்காது என்று தெரிந்து நாமே கொண்டுபோவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த மூட்டை எந்தப் போனுக்கு, ஒரு மூட்டை இன்னொன்றோடு சண்டை போடுமா என்று பார்த்துப் பார்த்துச் சேர்க்க வேண்டும். பொறுமை வேண்டும். எனக்கு இருக்கிறது.

பிரசன்னா ஒத்துக்கொள்ளவில்லை.

"டேய், பழைய போனுக்கெல்லாம் எதுக்குடா சப்போர்ட்டு? ஆப் சைஸ் ஏறும், டெஸ்டிங் ஏறும். எத்தன பேருக்காக? நம்பர் குடு, பாக்கலாம்."

கொடுத்தேன். சும்மா ஒரு எண்ணை எழுதிக் கொடுக்கிறவன் இல்லை நான். இரண்டு நாள் உட்கார்ந்து ஒரு பட்டியல் தயாரித்தேன். பெயர், வயது, எந்த வார்டு, என்ன போன், ஆண்ட்ராய்டு எண், செயலி ஓடுகிறதா இல்லையா. ஓடாதவர்களை மேலே வரிசைப்படுத்தி, இளஞ்சிவப்பில் நிறம் போட்டேன். அறுபத்தொரு பேர். மாரக்காவுக்கு முதல் பக்கத்தில் பதினான்காவது இடம். கீழே குறிப்பு என்று போட்டு, வயது ஐம்பதைத் தாண்டியவர்களிடமே பழைய போன்கள் பெரும்பாலும் உள்ளன என்று ஒரு வரியும் சேர்த்தேன். ஒரு பெயரில்கூடத் தப்பு கிடையாது. பிரசன்னா புரட்டிப் பார்த்துவிட்டு, "சரி, மூணு வாரம் எடுத்துக்கோ" என்றார். அந்தப் பட்டியல் இல்லாவிட்டால் அந்த மூன்று வாரம் கிடைத்திருக்காது. அதை நீங்கள் மறந்துவிடக் கூடாது.

மூன்று வாரம் உழைத்தேன் அண்ணா. தேதி லைப்ரரியைச் சேர்த்தேன், செயலி விழுவது நின்றது. அடுத்து கேமரா திறக்கவில்லை. கேமரா லைப்ரரியைச் சேர்த்தேன், திறந்தது. ஆனால் சில போன்களில் முகம் படுத்துக் கிடந்தது. மாரக்கா தன் முகத்தைத் திரையில் பார்த்துவிட்டு, "நான் படுத்துட்டே வேலைக்கு வந்தாப்பல இருக்குது. லோகநாதன் பாத்தா இதுக்கும் எதாவது சொல்லுவான்" என்றார். அன்றைக்கு எனக்கும் சிரிப்பு வந்தது. படத்தை நிமிர்த்த இன்னொரு லைப்ரரி, இன்னும் நான்கு நாள். ஒவ்வொரு முறை சோதிக்கும்போதும் அவர் போனின் பதிவை அழித்து மறுபடி பதிவு செய்ய வேண்டும், ஏனென்றால் ஒருவருக்கு ஒரு போன்தான். ஒருவர் போனில் இன்னொருவர் வருகை போட்டுவிடாமல் இருக்க, முதலில் பதிவு செய்த போனோடு அவர் பெயரைப் பூட்டு போட்டு வைத்திருந்தோம். அந்தப் பூட்டை எழுதியதும் நான்தான். அதைத் திறக்கிற பொத்தான் என் லேப்டாப்பில் இருக்கிறது.

ஜூன் இருபத்தெட்டாம் தேதி அறுபத்தொரு போனிலும் ஓடியது. அறுபத்தொன்றிலும். மாரக்கா போனில் பச்சை டிக் விழுந்ததும் அவர் அதை எல்லோரிடமும் காட்டினார். "எங்க முனி வெச்சான்" என்றார். சாமியைச் சொல்கிறாரா என்னைச் சொல்கிறாரா என்று ஒருத்தி கேட்டாள். ஜூலை ஒன்றிலிருந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஒருவர் வருகைகூடத் தவறவில்லை. நான் படித்த படிப்புக்கு அந்த இரண்டு வாரம் போதும் என்று நினைத்தேன்.

அப்புறம் ஒரு வியாழக்கிழமை லோகநாதன் எங்கள் ஆபீசுக்கு வந்தார்.

அந்த ஆளை நினைத்தாலே எனக்குக் குமட்டும். முந்திரி வறுவலைத் தின்றுகொண்டே பேசினார். மசாலா ஒட்டிய விரலை நக்கி, அந்த எச்சில் விரலால் தாளைத் திருப்பினார். என் பட்டியல் அண்ணா. பிரசன்னா அனுப்பியிருந்ததைப் பிரிண்ட் எடுத்துக் கொண்டுவந்திருந்தார். இளஞ்சிவப்பு நிறத்தின் மேல் அந்த எண்ணெய் பரவியதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"இது யார் போட்டது?" என்றார்.

"நம்ம முனிரத்தினம் சார்" என்றார் பிரசன்னா. அன்றைக்குத்தான் முழுப் பெயரைச் சொன்னார்.

"ரொம்ப நல்லாப் போட்டிருக்கீங்க தம்பி. இப்படி ஒரு லிஸ்டுக்கு நான் மூணு வருஷமா எங்க ஆளுங்ககிட்ட முட்டிக்கிட்டு இருக்கேன். யாருக்கு வயசாச்சு, யாரு எந்த வார்டு, எல்லாம் ஒரே பக்கத்துல." இன்னொரு முந்திரியை வாயில் போட்டுக்கொண்டார். "நான் ஒருத்தரைப் போகச் சொன்னா கொடி புடிச்சுட்டு வந்து நிப்பாங்க. போனு போகச் சொன்னா யாருகிட்ட வந்து நிப்பாங்க?"

பிரசன்னா சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

"அந்தப் பழைய போன் சமாச்சாரத்தை எடுத்துருங்க. பாதுகாப்புக் காரணம்னு போட்டுக்கலாம். திங்கக்கிழமையிலருந்து" என்றார் லோகநாதன். அப்புறம் என்னைப் பார்த்தார். "தம்பி ஒண்ணும் சொல்லலையே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஏதாவது சொல்ல வேண்டும். நான் பொய் சொல்கிறவன் இல்லை, தெரிந்ததை மறைக்கிறவனும் இல்லை. மனதில் பட்டதைக் கேட்டேன்.

"சார், ஏற்கனவே அவங்க போன்ல இருக்கற பழைய வெர்ஷன் அப்படியே ஓடிட்டுத்தானே இருக்கும்? நாம புதுசுல எடுத்தாலும் அது நிக்காதே?"

இது அவர்கள் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

"ஆமால்ல" என்றார் பிரசன்னா. "அப்ப பழசைப் பூட்டிரு. தொறந்தா மெசேஜ் மட்டும் வரட்டும்."

"கெட்டிக்காரத் தம்பி" என்றார் லோகநாதன்.

மூன்று வாரமாகச் சேர்த்ததை எடுக்க எத்தனை வரி தெரியுமா? நான்கு. மூன்று லைப்ரரிக்கு மூன்று வரி, குறைந்தபட்ச ஆண்ட்ராய்டு எண்ணை மாற்ற ஒரு வரி. என் கையாலேயே அழித்தேன். பெற்ற பிள்ளையைக் கொண்டுபோய் விடுவதுபோல் இருந்தது. மூன்று வாரம் அண்ணா. அதைப் பற்றி ஒருவர், ஒரே ஒருவர், ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஷெரின் கேட்டாள், ஆனால் வேறு எதையோ கேட்டாள். என் பக்கத்து மேஜை. நாகர்கோவில் பெண். செயலிகளுக்குத் திரை வரைகிறவள்.

"முனி, அவரு எத்தன பேருன்னு நம்பர் தானே கேட்டாரு? நீ எதுக்குப் பேரு எழுதுன?"

"பேரில்லாத லிஸ்ட் ஒரு லிஸ்டா? நாளைக்கு யாராவது சரிபார்க்கக் கேட்டா?"

"யாரு கேக்கப் போறா? சரி, அது போட்டும். பழைய வெர்ஷன் ஓடிட்டே இருக்கும்னு நீயா எதுக்குச் சொன்ன? சும்மா இருந்திருக்கலாம்லா?"

"அது டெக்னிக்கலா உண்மை."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அந்த மெசேஜ் ஸ்கிரீன நான் வரைய மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

இந்த மாதிரி நல்லவர்களைப் பார்த்தாலும் எனக்கு அருவருப்புதான். அவள் அப்பா ஹெட்மாஸ்டர். சொந்த வீடு. அவள் மாட்டேன் என்று சொல்லலாம், சொன்னாள். அப்புறம் அந்த வேலை யார் தலையில் விழும்? என் தலையில். திரையை நானே வரைந்தேன். வாசகத்தையும் நானே எழுதினேன். 'மன்னிக்கவும். தங்கள் கைபேசி இச்செயலிக்குப் பொருந்தாது. மேற்பார்வையாளரை அணுகவும்.' மன்னிக்கவும் என்பதை நான்தான் சேர்த்தேன், பிரசன்னா கேட்கவில்லை. எழுத்தைப் பெரிதாகவும் வைத்தேன், வயதானவர்கள் படிக்க வேண்டுமே.

பல்லடம் வந்துவிட்டதா? இங்கே கொஞ்ச நேரம் நிற்கும். நீங்கள் டீ குடிக்க இறங்குவதானால் இறங்குங்கள். வேண்டாமா? சரி.

திங்கட்கிழமை என்னையே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அறுபத்தொரு பேருக்கும் மெசேஜ் சரியாக வருகிறதா என்று குறித்துக்கொண்டு வர வேண்டும். அதே கீழ்த்தளம், அதே மாப்பு நாற்றம். மாரக்கா போனைத் திறந்தார். வந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"பொருந்தாதுன்னு வருது. என்ன கண்ணு, சனிக்கெழம வரைக்கும் பொருந்துச்சே? ரண்டு நாள்ல என்னாச்சு இதுக்கு?"

"மாத்திட்டாங்க அக்கா."

"ஆரு?"

"கம்பெனியில."

"நீ இருக்கற கம்பெனிதான?"

அடுத்தவர் போனுக்குக் கையை நீட்டினேன். வரிசை நின்றுகொண்டிருந்தது. மேற்பார்வையாளர் எல்லோரையும் வேலைக்குப் போகச் சொன்னார், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். போனார்கள். அன்றைக்கு முழுவதும் மாரக்கா மூன்றாம் மாடியைத் துடைத்தார். பத்து மணிக்கு நான் மேலே போனபோது, கட்டுப் போட்ட காலோடு கிடந்த ஒரு பையனின் கட்டிலுக்கு அடியில் குனிந்து ஏதோ துடைத்துக்கொண்டிருந்தார். என் லேப்டாப்பில் அவர் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று இருந்தது. அவரும் இருக்கிறார், அந்த எழுத்தும் இருக்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் பார்த்தேன். சீ என்று ஆகிவிட்டது எனக்கு.

கிளம்பும்போது கேட்டார். "வேற போனு இருந்தா ஓடுமா?"

"ஓடும் அக்கா. ஆண்ட்ராய்டு எட்டு, இல்லைன்னா அதுக்கு மேல இருக்கணும்." ஒரு சீட்டில் எழுதியும் கொடுத்தேன். தெளிவாக எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை மகனின் போனைக் கொண்டுவந்தார். அவனுக்கு லோடு ஆட்டோ வாடகை எல்லாம் அந்தப் போனில்தான் வரும். அன்றைக்கு ஆட்டோவை நிறுத்திவிட்டுக் கொடுத்து அனுப்பியிருக்கிறான். செயலி திறந்தது, கேமரா திறந்தது, முகம் நிமிர்ந்து நின்றது. அப்புறம், 'இந்தப் பணியாளர் வேறு கைபேசியில் பதிவாகியுள்ளார்.' அந்தப் பூட்டு. மாரக்கா மட்டுமில்லை, அப்படிப் பதினேழு பேர் வேறு போன் தேடிக்கொண்டு வந்திருந்தார்கள். பதினேழு பேருக்கும் அதே வரி.

"இதைத் தொறக்கத் தெரியுமா கண்ணு உனக்கு?"

"தெரியும் அக்கா."

"அப்பத் தொற."

அண்ணா, இங்கே நீங்கள் என்னைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். பொத்தான் என்னிடம் இருந்தது. அனுமதி என்னிடம் இல்லை. சோதனைக் காலத்தில் அதை ஒரு நாற்பது முறை அழுத்தியிருப்பேன், ஆனால் அது சோதனை. இது நிஜம். நிஜத்தில் ஒருவர் பூட்டைத் திறக்க வாடிக்கையாளர் எழுத்தில் ஒப்புதல் தர வேண்டும் என்று விதி. யார் எப்போது அழுத்தினார்கள் என்பது பதிவாகும். எனக்கு நிரந்தரம் ஆக மூன்று நாள் இருந்தது. அப்பா ஊரில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

ஆனால் நான் சும்மா இருக்கவில்லை. ஆறு பத்தொன்பதுக்கு மெயில் போட்டேன். ஆறு பதினைந்துக்கு அவர்கள் முகம் பதியவில்லை, ஆறு பத்தொன்பதுக்கு என் மெயில் போய்விட்டது. நான்கே நிமிடம். லோகநாதனுக்கு எழுதி, பிரசன்னாவுக்கு நகல் வைத்து, பதினேழு பெயரையும் அகர வரிசையில் போட்டேன். அவசரம் என்று தலைப்பில் எழுதினேன். அதற்கு மேல் ஒருவன் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்?

"எழுதிப் போட்டுட்டேன் அக்கா. பதில் வந்ததும் தொறந்துடறேன்" என்றேன்.

"எழுதிப் போடாட்டித் தொறக்காதா?"

"அப்படிப் பண்ணக் கூடாது அக்கா."

அவர் என் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் விரல் லேப்டாப் மேல் இருந்தது. ஏன் அப்படிப் பார்த்தார் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. அப்புறம் மாப்பை எடுத்துக்கொண்டு போனார்.

புதன்கிழமை காலையிலும் பதில் வரவில்லை. நினைவூட்டல் மெயில் ஒன்று போட்டேன். மாரக்கா அன்றைக்கும் மகன் போனோடு வந்தார். அன்றைக்கும் அந்த வரி. மேஜைக்கு வரவில்லை, தூரத்தில் இருந்தே என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், இன்னும் இல்லை என்று. அவரும் தலையை ஆட்டினார். அன்றைக்கும் மூன்றாம் மாடியைத் துடைத்துவிட்டுத்தான் போனார். மூன்று நாள் ஆனது.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு லோகநாதனின் பதில் வந்தது. 'ஒப்புதல் அளிக்கப்படுகிறது.' இரண்டே வார்த்தை. என் பதினேழு பேர் பட்டியலில் ஒரு பெயரைக்கூட அந்த ஆள் மறுக்கவில்லை, கவனியுங்கள். பதினேழு பூட்டையும் உடனே திறந்தேன். உண்மையாகவே சந்தோஷம். மாரக்காவைத் தேடிக்கொண்டு ஓடினேன். ஸ்டோர் அறை ஜன்னலில் நின்றிருந்தார். சீருடையை மடித்துக் கையில் வைத்திருந்தார். பச்சைச் சேலை, மேல் கோட்டு, அடையாள அட்டை.

"அக்கா, தொறந்தாச்சு. போனைக் குடுங்க, காட்டறேன்."

கொடுத்தார். மகன் போன்தான். திறந்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். கேமரா முகத்தைப் பிடித்தது, கண்ணைச் சுற்றிப் பச்சைக் கட்டம் விழுந்தது. எதுவும் விழவில்லை, எதுவும் படுத்துக் கிடக்கவில்லை. அப்புறம் கீழே, 'பணியாளர் பட்டியலில் தங்கள் பெயர் இல்லை' என்று வந்தது. அது வேறு விஷயம் அண்ணா, அது பட்டியலில் இருந்து வருவது. செயலி சரியாக வேலை செய்தது. "பாருங்க அக்கா, முகம் எவ்வளவு சுத்தமா எடுக்குது" என்றேன்.

அவர் திரையைப் பார்த்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். போனை என் கையிலிருந்து எடுத்து முந்தானையில் துடைத்தார். நான் தொட்ட இடத்தைத் துடைத்தார் அண்ணா. இடுப்பில் செருகிக்கொண்டார். சீருடையை ஜன்னலுக்குள் தள்ளிவிட்டு, "கோட்டுல ஒரு பித்தான் இல்லீங்க, அது வாங்கறப்பவே இல்லீங்க" என்று உள்ளே இருந்தவனிடம் சொன்னார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை இல்லை. மூன்று வாரம் அவர் போனுக்காக உழைத்தவன் நான். அவருக்காக இரண்டு மெயில் போட்டவன் நான். வசவாவது வைதிருக்கலாம். பினாயில் போட்டு அப்போதுதான் துடைத்திருந்த தரையில், வழுக்கிவிடாமல் ஓரமாகப் பிடித்துப் பிடித்து நடந்து போய்விட்டார்.

மறுநாள் எனக்கு நிரந்தர ஆணை கொடுத்தார்கள். மைசூர்பாகு வாங்கி வைத்திருந்தார்கள். பிரசன்னா கையில் எடுத்து என் வாயில் ஊட்டினார். நெய் நாற்றம். பாத்ரூமுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தேன். ஷெரின் மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. அவள் போன மாதம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள். போகும்போது எல்லோரிடமும் கைகுலுக்கினாள், என்னைப் பார்த்து "பாத்துக்கோ முனி" என்று மட்டும் சொன்னாள். எதைப் பார்த்துக்கொள்வது? எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

உலகத்தில் நேர்மையாக வேலை செய்கிறவனுக்கு மரியாதை இல்லை அண்ணா. பிரசன்னாவைப் பாருங்கள், லோகநாதனைப் பாருங்கள். யாரிடமாவது வெட்கம் இருக்கிறதா? அவர்களோடு ஒரே அறையில் உட்காரவே எனக்குக் கூசுகிறது.

அதோ, அந்தப் பெரிய புகைபோக்கி தெரிகிறதே, அதுதான் மில்லாக இருக்கும். கண்டக்டரிடம் சொல்லிவிட்டேன். இங்கேயும் அதே செயலிதான், முந்நூற்று நாற்பது தொழிலாளிகள். லோகநாதன் சொல்லித்தான் எங்களைக் கூப்பிட்டார்களாம். அந்த முனிரத்தினத்தையே அனுப்புங்கள், லிஸ்ட் அவர்தான் போட வேண்டும் என்று மில்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். கேட்டு வாங்குகிறார்கள், பாருங்கள்.

கொஞ்சம் காலை ஒதுக்கிக்கொள்கிறீர்களா? நன்றி அண்ணா. பட்டியலில் இங்கே ஒரே ஒரு மாற்றம். வயதுக்கு, அவர்கள் வாயால் சொல்வதை எழுதப் போவதில்லை. சிலருக்குப் பிறந்த வருஷமே சரியாகத் தெரியாது, குத்துமதிப்பாகச் சொல்வார்கள். ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்து, நாள், மாதம், வருஷத்தோடு குறித்துக்கொள்வதாக இருக்கிறேன். யாரும் சொல்லவில்லை, நானாக எடுத்த முடிவு. ஒருவருக்குக்கூடத் தப்பாகிவிடக் கூடாது பாருங்கள்.